கிரனாடா வழக்கம்

கண்ணால் கண்ட பிறகு இனி என்ன விசாரணை?

ஜெர்மனியின் எசன் நகரத்து ஸ்பானியச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று சிறீதரன் பல்லைக் கடித்தார். உள்ளே லக்ஸன். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த பெடியன், சிநேகிதர் யோசப்பின் மகன். 'அவனை ஒருக்கால் பாத்துக்கொள்' என்று யோசப் இவரிடம்தான் பொறுப்புக் கொடுத்திருந்தார்.

அவனுக்கு முன்னால் வைன் கிளாஸ். அதற்குள் மஞ்சளாக ஏதோ. பக்கத்தில் ஒரு தட்டில் பொரித்த மீன். அது முடிய இன்னொரு கிளாஸ், இன்னொரு தட்டு.

"நல்லாத்தான் படிக்கிறார்" என்று சிறீதரன் தனக்குள் முணுமுணுத்தார்.

யோசப்புக்கு ஒரு போன் போட்டால் போதும். குடி என்ற சொல்லே ஆகாத மனுசன். படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று மகனைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார். கூப்பிடட்டும். எதற்கும் ஒரு போட்டோ எடுத்து வைப்போம் என்று சிறீதரன் உள்ளே போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

கடைக்குள் வந்து சும்மா இருக்க ஏலாதே. ஒரு பியர் சொன்னார். அவருக்கு அறுபது வயது, அவர் குடிக்கலாம்.

பியர் வந்தது. தட்டு வரவில்லை.

கொண்டுவந்தவள் அஜிதா, அவருக்குத் தெரிந்த ஊர்ப் பிள்ளை. அங்கே சமைப்பதும் பரிமாறுவதும் அவள்தான்.

"என்ன பிள்ளை, அவனுக்குக் கிளாஸுக்கு ஒரு தட்டு. எனக்கு மட்டும் இல்லையோ?"

"மெல்லக் கதையுங்கோ அண்ணை. அது எங்கட முதலாளியின்ர ஊர் வழக்கம். கிரனாடாவில என்ன குடிச்சாலும் கூட ஒரு தட்டுச் சாப்பாடு சும்மா வரும்."

"அப்ப எனக்கும் தாவன்."

"அது அங்க. இஞ்ச தட்டுக்குக் காசு."

"அவனிட்டயும் வாங்குறியோ?"

அஜிதா அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அவன் பகுதிநேரமாச் செய்த வேலை போயிட்டுது அண்ணை. வீட்டுக்கும் சொல்லேல்லை. சாப்பிட வாடா எண்டால், 'சாப்பிட்டிட்டன் அக்கா' எண்டுவான். முகத்தைப் பாத்தால் தெரியும் பட்டினி எண்டு. அதான், இந்தக் கடையிலயும் அந்த வழக்கம் இருக்கெண்டு சொல்லி வைச்சிருக்கிறம். முதலாளிக்கும் தெரியும்."

"கிளாஸுக்குள்ள?"

"அப்பிள் ஜூஸும் சோடாவும்."

சிறீதரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையிலிருந்த போனில், கூப்பிடவென்று எடுத்து வைத்த யோசப்பின் பெயர் தெரிந்தது. அதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

அதற்குள் லக்ஸன் கண்டுவிட்டான். எழும்பி நேரே வந்தான்.

"மாமா, எப்ப வந்தனீங்கள்? உங்களுக்குத் தட்டு வரேல்லையோ? இஞ்ச குடிக்கிறதோட சும்மா தருவினம். கேக்க வெக்கப்படாதேங்கோ, நான் கேட்டுத் தாறன்."

"வந்தது தம்பி," என்றார் சிறீதரன். "சாப்பிட்டிட்டன்."

பிறகு அஜிதாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, தம்பிக்கு இன்னொரு கிளாஸ் ஊத்து."