முப்பதுக்குக் கீழே

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கக்கா" என்றாள் நர்ஸ்.

ஏறினேன். எண்கள் மேலும் கீழும் ஓடி 76.4-ல் நின்றன.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அண்ணி 'ச்சு' கொட்டினாள். அந்தச் சத்தத்துக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுவரில் ஓர் அட்டை. நான்கு மனிதப் படங்கள். முதல் ஆள் ஈர்க்குச்சி, நான்காவது ஆள் பீப்பாய். எடையை உயரத்தால் வகுக்க வேண்டும். வந்ததை அதே உயரத்தால் மறுபடி வகுக்க வேண்டும். பதினெட்டரைக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் இருந்தால் சரியான எடை. முப்பதைத் தொட்டால் பீப்பாய்.

முப்பதுக்குக் கீழே வந்தால்தான் இங்கே என் சிறுநீரகத்தை எடுப்பார்கள். அதற்கு மேலே போனால் கொடுப்பவளுக்கு ஆபத்தாம். கொடுப்பவளைப் பற்றி இந்தக் கட்டடத்தில் கவலைப்பட்டது அந்த அட்டை ஒன்றுதான்.

நர்ஸ் கால்குலேட்டரைத் தட்டினாள். முப்பது புள்ளி ஆறு.

"மூணு மாசமா இதே கதைதான். உனக்கு வாயைக் கட்டவே முடியாதா? அங்க உங்கண்ணன் செத்துக்கிட்டிருக்காரு!"

அண்ணி கத்தியதில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

வாயைக் கட்டுவதாம். ஆறு மாதமாக என்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, கிண்ணத்தால் அளந்து போடுகிறாள். விடிந்ததும் எழுப்பி, பூங்காவில் எட்டுச் சுற்று நடக்க வைத்து, பெஞ்சில் உட்கார்ந்து எண்ணுகிறாள். அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். நாற்பத்து மூன்று வயதில், ஒரு பிஸ்கட்டுக்காக நான் திருட்டு முழி முழிக்க வேண்டியிருக்கிறது.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுக்கிறான். உடன்பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டாராம். "தங்கச்சி இருக்கா. கொஞ்சம் குண்டு. குறைக்க வச்சிடலாம்" என்றானாம்.

என்னிடம் மறுநாள்தான் சொன்னான். சொன்னான், அவ்வளவுதான். கேட்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நான் 'உருண்டை'. பள்ளிக்கூடத்தில், தெருவில், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட. அன்று எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்கள் திரும்பி வரவில்லை. நான் ஜன்னல் திரை தைக்கும் வேலைக்குப் போனபோது, "பாவாடைக்கு மிச்சத் துணி கிடைக்கும், நல்ல இடம்தான்" என்றான். அன்றும் சிரித்தார்கள்.

அப்படிப்பட்டவன் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். சம்மதம்தானே என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டபோது தலையாட்டியது அண்ணி.

அண்ணி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவனிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லத்தான்.

நர்ஸ் கதவைச் சாத்தினாள். இடுப்பளவு எடுக்க டேப்பைச் சுற்றினாள். சுற்றியவள் நின்றாள். அவள் விரல்கள் என் சேலைக்கு உள்ளே இருந்ததை மெல்லத் தடவிப் பார்த்தன. பிறகு குனிந்து, பாவாடையின் அடிமடிப்பைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

திரை காற்றில் பறக்காமலிருக்க அடிமடிப்பில் ஈய வில்லைகளை வைத்துத் தைப்போம். என் பாவாடையில் இடுப்பைச் சுற்றி இரண்டு வரிசை, அடியில் மூன்று வரிசை. நான் இளைக்க இளைக்க, மாதா மாதம் கூட்டித் தைத்தேன். இன்றைக்கு மூன்றரைக் கிலோ.

முப்பதுக்குக் கீழே நான் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அந்த இரண்டு மாதமும் அவன் மெஷினில் படுத்திருந்தான். எனக்குத் தெரியும். தெரிந்துதான் தைத்தேன்.

கத்துவாள், ஆள் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"குடுக்க உங்களுக்கு இஷ்டமாக்கா?"

ஆறு மாதத்தில் என் பதிலுக்காக ஒருவரும் கேட்காத கேள்வி. யாரோ பெற்ற பெண், முன்பின் தெரியாதவள், கேட்கிறாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அழுததற்காக எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

திரைக்குப் பின்னால் போய்ப் பாவாடையைக் கழற்றினேன். நர்ஸ் கொடுத்த ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். 72.9. அவள் கணக்குப் போட்டாள். இருபத்தொன்பது புள்ளி இரண்டு.

பேனாவை எடுத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுதிக்கம்மா. ஆனா வெளியே சொல்லாதே. அவன் என்கிட்ட வந்து, 'தருவியா'ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். கேட்டா அன்னிக்கே தரேன்."