நிலுவையில் ஒரு புகார்

"மொரப்பூர் ரோட்டோரப் பாழுங்கிணறு, அந்தப் புகார் ஒண்ணுதாங்க பாக்கி. சாயங்காலம் மீட்டிங்குக்குள்ள முடிச்சிடுங்க, நவநீதன்" என்றார் ஒன்றிய அதிகாரி நிர்மலா மேடம் போனில்.

"கைப்பிடிச் சுவர் கட்ட நிதியே வரலைங்களே, மேடம்."

"போட்டோ போதும்ங்க."

ஊராட்சி செயலர் நவநீதன், வேறொரு ஊரில் கட்டிய கிணற்றுச் சுவரின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அந்த இடத்தில் நின்று எடுத்தால்தான் புகார் செயலி ஏற்கும். கிணற்றோரம் நின்று, படத்தையே படம் பிடித்தான். செயலி ஏற்றுக்கொண்டது.

புகாரை முடிக்க இனி ஓடிபி எண் மட்டும்தான் பாக்கி. அது புகார் கொடுத்த மாதப்பனின் போனுக்குத்தான் போகும்.

'தினமும் விடியறதுக்கு முன்னாடி இந்த வழியாத்தான் பால் எடுத்துட்டுப் போறேன், சுவர் கட்டுங்க' என்று மூன்று முறை எழுதிய ஆள், இன்று காலையிலிருந்து போனையே எடுக்கவில்லை.

"வேணும்னே அலைய விடறான்" என்று பல்லைக் கடித்தபடி நவநீதன் மறுபடியும் போட்டான்.

இந்த முறை போன் மணி பக்கத்திலேயே கேட்டது. நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தான். ரோட்டில் ஒருவரும் இல்லை.

மணி அவன் காலடியில், தண்ணீரில்லாத அந்தக் கிணற்றுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.