தினம் பத்தாயிரம் காலடி

மாடிப்படி ஏறிவந்ததில் காப்பீட்டு அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டுக் கோப்புக் கட்டைப் பிரித்தார்.

"போன மாசம் பத்தாம் தேதி ரெண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு நீங்க பதினாலாயிரம் அடி நடந்திருக்கீங்களே?"

கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தவர் மனைவியைப் பார்த்தார். தினம் பத்தாயிரம் அடி நடந்தால் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி என்று, அடியை எண்ணும் கடிகாரத்தைக் கொடுத்ததே காப்பீட்டு நிறுவனம்தான்.

"கடிகாரம் கோளாறா இருக்கும் சார்," என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரி பில்லுக்கு வீட்டையே அடகு வெச்சிருக்கோம். நீங்க பணம் தரலேன்னா தெருவுலதான் நிக்கணும்."

"எங்க கடிகாரம் பொய் சொல்லாதும்மா. ஒண்ணு ஆபரேஷன் பொய், இல்லே நடை பொய். எதுவானாலும் பணம் கிடையாது. மனுஷனுக்கு நேர்மை வேணும். நானும் இதே கடிகாரம்தான் வெச்சிருக்கேன். இந்த வயசுலயும் ஒருநாள்கூடப் பத்தாயிரத்துக்குக் குறைஞ்சதில்லை."

அப்போது மனைவியின் தம்பி கூரியர் பையோடு உள்ளே வந்து, சட்டைக் கையைச் சுருட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாக ஒன்பது கடிகாரங்கள்.

"இந்தாங்க மாமா, இன்னிக்குப் பன்னெண்டாயிரம்," என்று ஒன்றைக் கழற்றியவன், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"அட, சாரா? உங்களோடதை வழக்கம்போல ஆபீஸ் வாசல்லயே குடுத்திருப்பேனே. இதுக்குப்போய் இவ்வளவு தூரம் வரணுமா?"

அதிகாரி தன் கடிகாரத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கோப்பில், 'அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளியிடம் வியக்கத்தக்க முன்னேற்றம். முழுத் தொகையும் வழங்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமையில மட்டும் கொஞ்சம் குறையுதுப்பா."