தொட்டி குடிக்காத பினாயில்

விடுதிச் சமையலறைக்குப் பின்னால், மிச்சச் சோற்றைத் தின்று எரிவாயு தர வேண்டிய தொட்டி ஒன்று புதிதாக உட்கார்ந்திருந்தது. அது விட்ட முதல் வாயுவில் தீயே பிடிக்கவில்லை. "நாளைக்குள்ள எரியலன்னா மண்ணை அள்ளிப் போட்டு மூடிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் சமையல்காரர்.

"உன் மூச்சை வாங்கி எரியறதுக்கு நான் அணைஞ்சே கிடக்கலாம்" என்றது உள்ளே இருந்த அடுப்பு.

"முதல்ல வந்தது வெறுங்காத்து. இனிமேதான் சரக்கு வரும், பொறு" என்றது தொட்டி.

எச்சில் வாளி ஓடி வந்தது. "அண்ணே, உன் நாத்தத்தைத்தான் எல்லாரும் திட்டறாங்க. பினாயில் தண்ணி கொண்டாந்திருக்கேன். ஒரு வாய் குடி, கமகமன்னு மணப்பே."

"அதைக் குடிச்சா என் வயித்துல வேலை பாக்கற கிருமியெல்லாம் செத்துடும்டா. கொட்டிட்டு, நல்லாக் கழுவிட்டு, சோத்தைக் கொண்டா. நாறினா நாறிட்டுப் போறேன்."

மறுநாள் காலையில் சமையல்காரர் தீக்குச்சியைக் கிழித்தார். அடுப்பு நீலமாகப் பற்றிக்கொண்டது. உலை கொதித்தது.

"பாத்தீங்களா, என் தீ எவ்வளவு சுத்தம்!" என்று பீற்றிக்கொண்டது அடுப்பு. வாசலில் நின்ற வாளியைப் பார்த்ததும், "ச்சீ, தள்ளி நில்லு" என்றது.

வாளி தயங்கியது.

"அவன் கிடக்கறான், நீ வாடா" என்றது தொட்டி. "மத்தியானமும் அவன் எரியணும்ல?"