மைக் ஆட்டோ லேடி

ஷட்டில் விளையாடப் போன லிசி, கொண்டுபோன இரண்டு பேட்டோடும் திரும்பி வந்துவிட்டாள்.

“என்னடி, அதுக்குள்ள வந்துட்ட?” என்றாள் அம்மா பிரான்சி.

“யாருமே வரலைம்மா. டெங்குவாம்.”

“முழுக்கைச் சட்டை போட்டுட்டு வரச் சொல்றதுதானே? உன்னை நான் அனுப்பலையா?”

“சொன்னேன். ஜோதியோட அம்மா கதவையே திறக்கலை. மைக் ஆட்டோவுல ஒரு லேடி சொல்லுவாங்கல்ல, ‘குழந்தையை வெளியே அனுப்பிவிட்டுப் பிறகு அழாதீர்கள்’னு. அதைக் கேட்டு எல்லாருக்கும் பயம்.”

“வீட்டைச் சுத்தித் தண்ணி தேங்க விடாதீங்கன்னும்தானே அவங்க சொல்றாங்க?”

“அது யார் காதுலயும் விழலை. அந்த லேடிக்குக் குழந்தையே இருக்காதுன்னு ஜோதி ஜன்னல் வழியாத் திட்டுறா.”

பிரான்சி ஒரு பேட்டை வாங்கிக்கொண்டாள்.

“வா, நான் ஆடுறேன்.”

இருவரும் வாசலுக்கு வந்தபோது தெருமுனையில் மைக் ஆட்டோ திரும்பியது. பதிவு செய்து ஒலிக்கவிட்ட அந்தக் குரல் நெருங்க நெருங்க, எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பிரான்சி பேட்டைத் தாழ்த்தினாள்.

லிசி அவளை ஒட்டி வந்து நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“அது உன் குரல்னு நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா.”