கொஞ்சம் குறைச்சு

நிதி ஆலோசகர் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பி வைக்கிறார். வீடு, மகள் படிப்பு, ஓய்வுக்காலம் என்று மூன்று பட்டைகள். மூன்றும் சிவப்பில் நிற்கின்றன. ஏசி குளிரிலும் அவன் காலர் நனைந்திருக்கிறது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், சோபாவின் நுனியில் அப்பா. மடியில் இருக்கும் மகனின் ஹெல்மெட்டை விழுந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். "அப்பாவோட மருந்து, சாப்பாட்டுச் செலவெல்லாம் அவருக்கு எந்த வயசு வரைக்கும் போடலாம் சார்?" காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிற குரல் ஆலோசகருக்கு. "தொண்ணூறு" என்கிறான் பட்டென்று. சிவப்பு அசையவில்லை. மேசையில் கிடக்கும் மிட்டாய்த் தாளை மடிக்கிறான், பிரிக்கிறான், மறுபடி மடிக்கிறான். "கொஞ்சம் குறைச்சுப் பாருங்க." ஆலோசகர் திரையில் ஒரு புள்ளியை இடப்பக்கம் தள்ளுகிறார். எண்பத்தேழு. எண்பத்து நான்கு. "இன்னும் குறைக்கவா?" அவன் தலையை மட்டும் ஆட்டுகிறான். எண்பதுக்கு வந்ததும் மூன்று பட்டைகளும் பச்சைக்கு மாறுகின்றன. "பாத்தீங்களா, எல்லாமே கைக்கு எட்டுது!" போன மாதம்தான் அப்பாவுக்கு எழுபத்தெட்டு முடிந்தது. அங்கிருந்து அவருக்கு எண்கள் தெரியாது, நிறம் தெரிகிறது. ஹெல்மெட்டை அணைத்தபடி எழுந்து வந்து, கதவை ஒருக்களித்துத் திறந்து தலையை நீட்டுகிறார். முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாம் பச்சையாயிடுச்சே! இனிமே உனக்கு ஒரு குறையும் இல்லடா."