செவ்வாய் காலை 11.12

மிளகாய் விவசாயிகள் சங்க அலுவலகத்தில் மின்விசிறி நன்றாகச் சத்தம் போடுகிறது, காற்றுதான் வரக் காணோம். முருகலட்சுமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். யார் யாரை எந்தக் குழுவில் சேர்த்தார்கள் என்று கணினி தானாகவே எழுதி வைக்கும் பதிவை, ராமநாதபுரத்துத் தணிக்கையாளர் திறந்து வைத்திருக்கிறார். விவசாயிகள் பட்டியலையே அழிக்கக்கூடிய நிர்வாகிகள் குழுவில் புதிதாக ஒரு பெயர் நுழைந்திருக்கிறது. சேர்த்தது முருகலட்சுமி, செவ்வாய் காலை 11.12. அன்று மதியமே பட்டியல் அழிந்துபோய்விட்டது. அவளுடைய பாஸ்வேர்டோ திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கிறது, டீ கொண்டு வருகிறவருக்குக்கூட மனப்பாடம். "செவ்வாக்கெழம நான் இங்கன இல்லவே இல்ல சார். தங்கச்சிக்கு மாப்ள பாக்கப் பரமக்குடி போயிருந்தேன்." அந்த இடமும் குதிரவில்லை, பாவம். தணிக்கையாளர் வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்புகிறார். "அப்ப இந்தக் கையெழுத்து யாரும்மா போட்டது?" லீவு வீணாகாமல் ஒருவருக்காக ஒருவர் கையெழுத்துப் போட்டுக்கொள்வது அங்கே பல வருஷப் பழக்கம். பக்கத்து நாற்காலி சிநேகாவின் கை மேசைக்கடியில் முருகலட்சுமியின் முழங்காலை இறுக்குகிறது, காதோரம் கிசுகிசுக்கிறாள். "சொல்லிப்புடாதீகக்கா, என் வேல போயிரும்." முருகலட்சுமி கையெழுத்தைப் பார்க்கிறாள். அவளே போட்டிருந்தால்கூட இத்தனை சுத்தமாக வந்திருக்காது. தணிக்கையாளர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருக்கிறார்.